முக்கால் வீடு

"எல்லோரும் அவரவர் வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்று அரசாங்கம் அறிவித்தபோது, டார்ச்காரர் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார். நியாயமான பேச்சுதானே? வெளியே நோய் சுற்றுகிறது, மனுஷன் உள்ளே இருக்க வேண்டியதுதான். டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான், 'உள்ளே என்றால் எதற்குள்ளே?' என்று ஒரு சின்ன சந்தேகம் அவருக்கு வந்தது.

அவர் சினிமா தியேட்டரில் டார்ச் அடிக்கிறவர். விளக்கு அணைந்த பிறகு அடித்துப் பிடித்து ஓடி வருகிற கூட்டத்தை, "வாங்க, வாங்க, பாத்து, படி இருக்கு" என்று கூட்டிப்போய் உட்கார வைப்பது வேலை. அவர் கையில் டார்ச் வந்த நாளிலிருந்து ஒரு ஆள் இடம் கிடைக்காமல் நின்றதில்லை. ஊருக்கெல்லாம் இடம் காட்டியவருக்கு இருந்த இடம், திரைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன அறை. வாடகை கிடையாது. கதவும் கிடையாது, பழைய திரைத் துணியைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் வில்லன் சாகும்போது பாத்திரங்கள் தடதடவென்று அதிரும். அவர் மனைவி அந்தச் சத்தத்தை வைத்துத்தான் உலை வைப்பாள்.

மறுநாளே தியேட்டர் முதலாளி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே பூட்டைப் போட்டார். "என்னை ஒண்ணும் சொல்லாதப்பா, மேலிடத்து உத்தரவு" என்றார். டார்ச்காரரும் மனைவியும் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஸ்டவ், ஒரு டார்ச் சகிதமாக எதிரே இருந்த பஸ் ஸ்டாப்புக்குக் குடிபோனார்கள். பஸ்தான் ஓடவில்லையே, யாருக்கு என்ன இடைஞ்சல்?

சாயங்காலம் ரோந்து போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"யாருய்யா அது? வீட்டுக்குப் போங்க!"

"வீடு இல்லீங்க."

"வீடு இல்லைன்னா வெளியே வரக் கூடாதுன்னு தெரியாதா?"

டார்ச்காரர் பேந்தப் பேந்த விழித்தார். போலீஸ்காரரும், தான் சொன்னதைத் தானே ஒருமுறை யோசித்துப் பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து வயிற்றில் தங்கிய முதல் பிள்ளை. அவள் அழவில்லை, மூக்கைச் சிந்தவில்லை. ஒரே ஒரு கோரிக்கைதான் வைத்தாள்.

"ஏங்க, எனக்கு மாடி வேணாம், பால்கனி வேணாம். உள்ள இருந்து தாழ்ப்பாள் போட ஒரு கதவு வேணும். இத்தனை நாளும் துணிக்குப் பின்னாடியே குடித்தனம் பண்ணியாச்சு. பிள்ளை வர்றதுக்குள்ள ஒரு கதவு. அவ்ளோதான்."

இதற்கு மேல் ஒரு மனுஷி எவ்வளவு குறைவாகக் கேட்க முடியும், சொல்லுங்கள்.

நல்ல சேதியைக் கொண்டுவந்தவன் அவளுடைய தம்பி. வாடகை வேன் ஓட்டுகிறவன். ஊரடங்கிலும் ஓடிக்கொண்டிருந்த நாலைந்து வண்டிகளில் அவனுடையதும் ஒன்று.

"மாமா! கவலைய விடுங்க. வீடு இல்லாதவங்களுக்குன்னு கவர்ன்மென்ட் பெரிய நிதி ஒதுக்கியிருக்கு. ரயிலடி பக்கத்துல மூணு மாடி லாட்ஜ முழுசா வாடகைக்கு எடுத்துட்டாங்க. 'உடனடி உறைவிடத் திட்டம்'னு பேரு. நேத்து நான்தான் மேஜை நாற்காலியெல்லாம் இறக்கினேன்."

"மேஜை நாற்காலியா? கட்டில் இல்லையாடா?" என்றாள் அக்கா.

"கட்டில எல்லாம் ஏத்திக்கிட்டுப் போய் வேற இடத்துல போட்டேன்க்கா."

அக்கா ஒரு மாதிரியாகப் பார்த்தாள். டார்ச்காரர் அதைக் கவனிக்கவில்லை. அவர் அதற்குள் சீருடைச் சட்டையைப் போட்டு, பித்தளைப் பொத்தானைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

லாட்ஜ் வாசலில் கயிறு கட்டியிருந்தது. நோய் பரவக் கூடாது என்பதற்காக, விண்ணப்பிக்க வருகிறவர்கள் சாலைக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். இந்தப் பக்கம் நிழலில் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒலிபெருக்கி இருந்தது. வந்தவர்களுக்கு ஒலிபெருக்கி கிடையாது. அதற்கு நிதி ஒதுக்கவில்லையாம்.

"பேர் சொல்லுங்க!" என்று தெரு அதிர்ந்தது.

டார்ச்காரர் தொண்டை கிழியக் கத்தினார். இடையில் ஒரு தண்ணி லாரி போனது.

"கேக்கல! சரி விடுங்க. வீடு இருக்கா, இல்லையா?"

டார்ச்காரருக்குச் சட்டென்று ஒரு யோசனை உதித்தது. டார்ச்சை எடுத்து இரண்டு முறை அடித்தார்: இல்லை என்று அர்த்தம். கண்காணிப்பாளருக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒருமுறை அடித்தால் ஆமாம், இரண்டு முறை அடித்தால் இல்லை என்று அங்கேயே விதி செய்துவிட்டார். அன்று முதல் டார்ச் இல்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள் என்று கேள்வி.

"மனைவி கர்ப்பமா?" என்று ஒலிபெருக்கி கேட்டது. ஒருமுறை அடித்தார். சாலையின் இரு பக்கத்து மாடிகளிலிருந்தும் கைதட்டல் கேட்டது. டார்ச்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நீங்க வீடில்லாமதான் இருக்கீங்கன்னு நாங்க நேர்ல வந்து பாக்கணும். இருக்கிற இடத்தை விட்டு அசையாதீங்க!"

அசையாமல் இருப்பது சுலபமாக இல்லை. காலையில் போலீஸ் விரட்டும். தம்பதி தெருவைச் சுற்றிவிட்டு வருவார்கள். போலீஸ் போன பிறகு நகராட்சி வந்து மருந்து அடிக்கும். மறுபடியும் ஒரு சுற்று. கடைசியில் ஒருநாள் கண்காணிப்பாளர் கையுறை, முகக்கவசம், அதன் மேல் கண்ணாடிக் கவசம், கையில் அளவு டேப்பு என்று நிலாவுக்குப் போகிறவர் மாதிரி வந்து இறங்கினார். பஸ் ஸ்டாப்பை நீளவாக்கில் அளந்தார், அகலவாக்கில் அளந்தார். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

"கூரை இருக்கே!"

"இருக்குங்க."

"இந்தப் பக்கம் சுவரு, அந்தப் பக்கம் சுவரு, பின்னாடி சுவரு. நாலுல மூணு இருக்கு. அப்புறம் எப்படி வீடே இல்லைன்னு சொல்றீங்க?" அவர் குரலில் ஏமாற்றப்பட்ட ஒருவரின் வருத்தம் இருந்தது. "விதிப்படி உங்களுக்கு இருக்கிறது முக்கால் வீடு. நீங்க கால் பங்குதான் வீடற்றவர். கால் பங்கு உதவிதான் செய்ய முடியும்."

"அந்தக் கால் பங்கு என்னங்க?"

கண்காணிப்பாளர் ஜீப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தென்னை நார் மிதியடி. அதில் சிவப்பு எழுத்தில் 'நல்வரவு' என்று போட்டிருந்தது. மீதிப் பொருள் எல்லாம் கொள்முதலில் இருக்கிறதாம். இதுதான் முதலில் வந்து சேர்ந்ததாம். வாங்கும்போது படம் பிடித்துக்கொண்டார்கள்.

மனைவி அதைப் பெஞ்சுக்கு முன்னால் விரித்துப் போட்டு, இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

"மிதியடி வந்துடுச்சு. வீடு பின்னாடியே நடந்து வருது போல" என்றாள். அன்று அவளுக்கு வந்த சிரிப்பில் வயிற்றுப் பிள்ளையே உதைத்ததாம்.

ஆனால் வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது. நாலாவது சுவர் இல்லாத பக்கமாகத்தான் சாரல் அடிக்கும். டார்ச்காரர் மறுபடியும் லாட்ஜுக்கு ஓடினார். இந்த முறை உள்ளேயே விட்டார்கள். காரணம், அன்று திட்டத்தின் இயக்குநர் வந்திருந்தார். ஒரு பயனாளியாவது கண்ணில் படட்டும் என்று ஆசைப்பட்டாராம்.

உள்ளே போன டார்ச்காரர் அசந்துபோனார். முதல் மாடி அறைகள் முழுக்கத் திட்டமிடும் பிரிவு. இரண்டாம் மாடி, திட்டமிடுகிறவர்களைக் கண்காணிக்கும் பிரிவு. மூன்றாம் மாடியில் முகக்கவசப் பெட்டிகள், பதாகைகள், பிளாஸ்டிக் மாலைகள். அறைக் கதவுகள் எல்லாம் திறந்தே கிடந்தன. ஒவ்வொரு கதவின் உள்பக்கத்திலும் ஒரு நல்ல கனமான பித்தளைத் தாழ்ப்பாள். டார்ச்காரர் போகிற வழியில் ஒன்றை ரகசியமாக இழுத்துப் பார்த்தார். 'க்ளக்' என்று இதமாக விழுந்தது.

இயக்குநர் நல்ல உயரம், நல்ல குரல். எதிரே ஒரு ஆள் நின்றாலும் கூட்டமாக நினைத்துப் பேசுகிறவர்.

"நண்பரே! ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. வீடில்லாதவங்களுக்கு எல்லா ரூமையும் குடுத்துட்டா, வீடில்லாதவங்களுக்கான திட்டம் எங்க போய் உக்காரும்? நடுத்தெருவுலயா? முதல்ல திட்டத்துக்கு ஒரு வீடு வேணும். அதுக்குத்தான் நான் ராப்பகலா பாடுபட்டுக்கிட்டு இருக்கேன்."

"சார், ஒரே ஒரு ரூம்… மழை வருது…"

"தாராளமா! கண்காணிப்பாளரே, இவருக்கு என்ன தடை?"

கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். "அறை கொடுக்கணும்னா நோய் இல்லன்னு உறுதியாகணும் சார். அதனால மனுதாரர் முதல்ல பதினாலு நாள் வீட்டுல தனிமையில இருந்துட்டு வரணும்."

டார்ச்காரருக்குக் காது அடைத்தது. "எந்த வீட்டுலங்க?"

"அவங்கவங்க வீட்டுல."

"வீடு இருந்தா நான் எதுக்குங்க இங்க வரேன்?"

"அது வேற பிரிவு" என்றார் கண்காணிப்பாளர், சற்றும் கோபமில்லாமல்.

இயக்குநர் டார்ச்காரரின் தோளைத் தட்ட வந்து, இடைவெளி ஞாபகம் வந்து, காற்றைத் தட்டினார். "விதின்னா விதிதான். இங்க இருக்கிற நோய்த்தடுப்பு விதி அத்தனையும் என் கையாலேயே எழுதினது. கட்டடத்துல ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தாலும் மொத்தக் கட்டடத்தையும் பதினாலு நாள் மூடிடணும்னு எழுதியிருக்கேன். யாருக்கும் விலக்கு கிடையாது. நான் கேட்டாலும் எனக்குக் கிடையாது!" கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, அது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவரே ஒரு கணம் ரசித்தார்.

அன்றிரவு அடித்த சாரலில் ஸ்டவ்வும் நனைந்தது, அரிசியும் நனைந்தது. 'நல்வரவு' மட்டும் கம்மென்று தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்தது. மனைவி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "இன்னும் எத்தனை வாட்டிங்க போவீங்க?" என்று கேட்டாள். டார்ச்காரர் எழுந்து, நாலாவது சுவர் இல்லாத பக்கமாகப் போய் சாரலுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

விமோசனம் மேலிடத்திலிருந்து வந்தது. மேலிடம் அதை உத்தேசிக்கவில்லை. நிதி கொடுத்த துறையின் செயலாளர் நேரில் வருகிறாராம். அறைகளில் வீடற்றவர்கள் தங்கியிருப்பதைக் கண்ணால் பார்ப்பாராம். இல்லையென்றால் நிதி திரும்பிப் போய்விடுமாம்! லாட்ஜே கதிகலங்கிப்போயிற்று. அத்தனை மாடியிலும் ஒரு வீடற்றவர்கூட இல்லை. இயக்குநர் போனை எடுத்தார். உடனே டார்ச்காரரின் மச்சினனுக்குத்தான் போன் போனது.

"தம்பி, ஒரு மத்தியானத்துக்கு மட்டும் பாக்க வீடில்லாதவங்க மாதிரி இருக்கிற ஆளுங்க வேணும். வேன் நிறைய கூட்டிட்டு வா."

மச்சினன் எதற்குச் சிரமப்படப்போகிறான்? நிஜமானவர்களையே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். பாலத்தடியிலிருந்து பலூன் விற்கிறவரும் மனைவியும், ரயிலடியிலிருந்து மூட்டை தூக்கும் அண்ணன் தம்பி, மார்க்கெட்டிலிருந்து சாணை பிடிக்கிறவர் குடும்பம், இன்னும் சிலர். முன்சீட்டில் அக்காவும் மாமாவும். மடியில் டிரங்குப் பெட்டி, அதன் மேல் மிதியடி.

இயக்குநர் வரிசையாக எல்லோரையும் பார்வையிட்டார். டார்ச்காரர் முன் வந்ததும் முகம் சுளித்தார்.

"இவரு சட்டையில பித்தளைப் பொத்தான் எல்லாம் போட்டு… வீடில்லாதவர் மாதிரி இல்லையே. கொஞ்சம் கலைஞ்ச மாதிரி இருக்க முடியுமா? அம்மா, நீங்க செயலாளரைப் பாத்ததும் ஆனந்தக் கண்ணீர் விடணும்."

"விடறேன் சார். ரூம் குடுத்ததும் விடலாமா, இல்ல முன்பணமா இப்பவே வேணுமா?" என்றாள் டார்ச்காரரின் மனைவி.

மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு வேனுக்குப் பின்னால் போய்விட்டான்.

மத்தியான வெயிலில் இயக்குநர் வாசலிலேயே பூங்கொத்தோடு நின்றார். செயலாளர் வருகிறார், வருகிறார் என்றார்கள், வெயில்தான் வந்தது. இயக்குநரின் முகம் செங்கல் நிறத்துக்குப் போன பிறகு கார் வந்து நின்றது. செயலாளர் இறங்கவில்லை. நோய்க் காலத்தில் இறங்குவது பொறுப்பற்ற செயல் என்பது அவர் கொள்கை. கண்ணாடியைக் கூட இறக்காமல் உள்ளேயிருந்து கையை அசைத்தார். அதையே உற்சாகமாக எடுத்துக்கொண்டு, எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்து, இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே! இந்தத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு அறைகூடக் காலியாக இருந்ததில்லை! வீடற்றவர்களைப் பற்றி இங்கே சிந்திக்காத அறையே கிடையாது! ஏழைகளுக்குச் சேர வேண்டிய ஒவ்வொரு காசும், சேருகிற வழியிலேயே சிக்கனமாக…"

இந்த இடத்தில் மூன்றாம் மாடியிலிருந்து அவசரமாக இறக்கி அடுக்கியிருந்த முகக்கவசப் பெட்டிகளிலிருந்து ஒரு பெரிய தூசிப் படலம் கிளம்பியது. இயக்குநர் தும்மினார். ஒலிபெருக்கியில் தும்மியதால் ஊருக்கே கேட்டது. இன்னொன்று. அப்புறம் அடுக்கடுக்காக.

அன்றைக்கு வருகிறவர்களைப் பரிசோதிக்கக் கூடத்தின் ஓரத்தில் நிறுத்தியிருந்த நர்சம்மா முன்னால் வந்தார். சின்ன உருவம், கையில் காய்ச்சல் பார்க்கும் கருவி. துப்பாக்கி மாதிரி இயக்குநரின் நெற்றிக்கு நேரே நீட்டி அழுத்தினார். கருவி கீ கீ என்று கத்தியது.

"காய்ச்சல் சார்."

"வெயில்ல நின்னது அம்மா! வெறும் வெயில்!"

"இருக்கலாம் சார். ஆனா கட்டடத்துல ஒருத்தருக்குக் காய்ச்சல்னா மொத்தக் கட்டடத்தையும் மூடணும்னு விதி இருக்கே. யாருக்கும் விலக்கு இல்லைன்னு கடைசியில கையெழுத்து வேற போட்டிருக்கு. உங்க கையெழுத்துதான்."

செயலாளரின் கார் பின்பக்கமாகவே ரயிலடி வரைக்கும் போய்விட்டது. நாலு பேர் வந்து வாசலில் தகரம் அடித்து, ஒரு நோட்டீஸும் ஒட்டினார்கள். மச்சினன் வெளியே நின்று, "மாமா, சாப்பாடு நான் கொண்டாந்து தரேன்!" என்று தகரத்துக்கு மேலே எம்பி எம்பிக் கத்தினான்.

"எல்லாரும் ஒரே கூடத்துல நிக்கக் கூடாது" என்றார் நர்சம்மா. "குடும்பத்துக்கு ஒரு ரூம். உடனே!"

"ரூமெல்லாம் ஆபீஸும்மா! கோப்பு இருக்கு!"

"கோப்புக்குக் காய்ச்சல் வராது சார். வெளிய எடுத்து வைங்க."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. லாட்ஜ் தாழ்வாரத்துக்கு ஜன்னலே கிடையாது, பட்டப்பகலில் கும்மிருட்டு. குழந்தைகள் கத்தின, திட்டமிடும் பிரிவு சுவரில் முட்டிக்கொண்டது. டார்ச்காரர் ஒன்றும் யோசிக்கவில்லை. இருட்டில் ஒரு கூட்டம் இடம் தெரியாமல் நின்றால் அவர் கை தானாக இடுப்புக்குப் போகும். டார்ச் எரிந்தது.

"வாங்க, வாங்க, பாத்து, படி இருக்கு. பலூன்காரரே, நீங்க இப்படி. சாணைக்காரரே, குழந்தைங்க இருக்கு, நீங்க ஓரமா உள்ள ரூமு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இங்க. தள்ளிக்கோங்க சார், வழி விடுங்க, ஆளுங்க வராங்க…"

வெளிச்சம் போகிற இடமெல்லாம் கூட்டம் போனது. அதிகாரிகளும் பழக்க தோஷத்தில் வழிவிட்டு ஒதுங்கினார்கள்; தியேட்டரில் டார்ச் வெளிச்சத்துக்குப் பணியாத ஆள் உண்டா? கடைசியாக மூலையில் இயக்குநரின் ஏ.சி. வைத்த அறை. இயக்குநர் கதவில் கை வைத்திருந்தார்.

கண்காணிப்பாளர் இருட்டிலேயே தொண்டையைச் செருமினார். "சார், அறை பெறத் தகுதின்னு ஒண்ணு இருக்கு. சொந்த வீடோ வாடகை வீடோ இருக்கக் கூடாது. உங்களுக்கு ரெண்டு இருக்கு."

வஞ்சம் என்று நினைக்காதீர்கள். அவர் அப்படித்தான், விதி என்று வந்துவிட்டால் பெற்ற அப்பாவுக்கும் வாசிப்பார்.

டார்ச்காரர் வெளிச்சத்தை வரவேற்புக் கூடத்து சோபா மேல் காட்டினார். "நீங்க இங்க உக்காருங்க சார். முன் வரிசை."

பிறகு மனைவியைக் கூட்டிக்கொண்டு மூலை அறைக்குள் போனார். அவள் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இழுத்தாள். 'க்ளக்.' திறந்தாள். மறுபடியும் போட்டாள். மூன்றாம் தரம் போட்டபோதுதான், இயக்குநர் கேட்ட ஆனந்தக் கண்ணீர் வந்தது. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அந்தப் பதினான்கு நாளும் லாட்ஜ் கலகலவென்று இருந்தது. பலூன்காரர் கதவுக்கு ஒரு பலூன் கட்டினார். இயக்குநர் முகக்கவசப் பெட்டியைத் தலைக்கு வைத்து சோபாவில் படுத்தார்; கால் நீட்ட முடியவில்லை. அவருக்குக் காய்ச்சல் அன்று சாயங்காலமே போய்விட்டது. யாருக்கும் நோய் இல்லை. ஆனாலும் விதி விதிதானே? மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வேறு வந்தது: அறைகள் நிரம்பி வழிவதாகவும், இயக்குநர் தன் இடத்தையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுப்பதாகவும் கேள்விப்பட்டுச் செயலாளர் மனம் நெகிழ்ந்திருந்தார். நிதி திரும்பிப் போகவில்லை.

தகரத்தைப் பிரித்த அன்று, இயக்குநர் முதல் ஆளாக வெளியே பாய்ந்தார். போகும்போதே, "எல்லாரையும் காலி பண்ண வைங்க!" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

கண்காணிப்பாளர் அறை அறையாக வந்தார். மூலை அறைக்கு முன்னால் நின்றார். டார்ச்காரர் ஏற்கெனவே டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தார். மனைவி தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றாள்.

"கட்டடத்தை மூடறப்ப வாசல்ல என்ன ஒட்டினாங்க?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

"'தனிமைப்படுத்தப்பட்ட வீடு'ன்னுங்க."

"அப்ப நீங்க வீட்டுல பதினாலு நாள் தனிமையில இருந்திருக்கீங்க." அவர் கண் மூடி யோசித்தார். "தகுதி வந்துடுச்சே. இனிமே உங்களுக்கு ரூம் குடுக்காம இருக்க எனக்கு அதிகாரம் இல்ல. பெட்டியப் பிரிங்க."

சொல்லிவிட்டு, ஏதோ தவறு செய்துவிட்டவர் மாதிரி வேகமாக அடுத்த அறைக்குப் போனார்.

மனைவி மிதியடியை எடுத்து, உதறி, கதவுக்கு வெளியே நேராகப் போட்டாள்.

சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. உள்ளேயிருந்தே, "யாரு?" என்றாள்.

"நான்தாம்மா. இயக்குநர்." குரலில் பழைய கூட்டம் இல்லை. "எங்க குடியிருப்புல உள்ள விடமாட்டேங்கறாங்க. மூடின கட்டடத்துல இருந்து வந்தவன் கிட்ட வராதன்னு கேட்டைப் பூட்டிட்டாங்க. இன்னொரு வீட்டுலயும் அதே கதை. ரெண்டு வீடு இருக்கு, நிக்க இடம் இல்ல. இங்க ஏதாவது ஒரு ரூம்…"

டார்ச்காரர் பதறி எழுந்தார். மனைவி கையைக் காட்டி அவரை உட்கார வைத்தாள். இத்தனை நாளாக அவளுக்குள் இருந்த கேள்வி, இப்போது தேனாகக் குழைந்து வந்தது.

"தாராளமா சார். வீட்டுல பதினாலு நாள் தனியா இருந்துட்டு வந்தீங்களா?"

டார்ச்காரருக்குத்தான் மனசு கேட்கவில்லை. இடம் இல்லாமல் ஒரு ஆளை நிற்க வைத்த பாவம் தன் கணக்கில் வேண்டாம் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தார். கையில் பெட்டியோடு, 'நல்வரவு' மேல், ஷூவைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார் இயக்குநர்.

"வாங்க சார், வாங்க" என்றார் டார்ச்காரர். "பாத்து, படி இருக்கு. சோபா காலியாத்தான் இருக்கு."